கம்சனும் ஏரோதும்: ஒப்புமை எப்போது கடனாகிறது?

பெரியாழ்வார் திருமொழியின் தொடக்கத்தில் கண்ணன் பிறக்கிறான். சேதி கேட்ட ஆயர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எண்ணெயையும் வாசனைப் பொடியையும் ஒருவர்மீது ஒருவர் எதிரெதிரே தூவுகிறார்கள். முற்றம் முழுக்கக் குழம்பிச் சேறாகிவிடுகிறது. திருவில்லிபுத்தூர்க்காரரான ஆழ்வார் இந்தக் கொண்டாட்டத்தை யமுனைக் கரையில் நிறுத்திவிடவில்லை. திருக்கோட்டியூரின் மாடங்களுக்கு நடுவே கொண்டுவந்து வைக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பாடப்பட்டுவரும் இந்தப் பிறப்புப் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமல், 1867இல் பெர்லினில் ஆல்பிரெக்ட் வேபர் என்ற வடமொழி அறிஞர் கிருஷ்ண ஜெயந்தி குறித்து நீண்ட ஆய்வொன்றை முன்வைத்தார். தேவகி குழந்தைக்குப் பாலூட்டும் கோலத்தை வைத்து வழிபடும் முறை, மரியாள் குழந்தை இயேசுவுக்குப் பாலூட்டும் கிறித்தவப் படிமத்திலிருந்து வந்த கடன் என்பது அவர் முடிவு. நந்தகோபன் மதுராவுக்குக் கப்பம் கட்டப் போவது யோசேப்பு பெத்லகேமுக்குக் குடிமதிப்பு எழுதப் போவதன் சாயல். கம்சன் குழந்தைகளைக் கொல்வது ஏரோது கொன்றதன் சாயல். பட்டியல் இப்படி நீண்டது.

அடுத்த இரண்டே ஆண்டில் வேடிக்கை ஒன்று நடந்தது. 1869இல் லோரின்சர் என்பவர் பகவத்கீதையை ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதன் கருத்துகள் புதிய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பின்னிணைப்பில் வாதிட்டார். அதே 1869இல், பிரெஞ்சிந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாக்கோலியோ, இயேசுவின் கதை முழுவதும் கிருஷ்ணனின் கதையைப் பார்த்து எழுதியது என்று பிரெஞ்சில் ஒரு நூல் போட்டார். அதற்காக வடமொழியில் எங்குமே இல்லாத ‘இயேசியஸ் கிறிஸ்னா’ என்ற பெயரையும் உண்டாக்கினார். மாக்ஸ் முல்லர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கித் தள்ளினார். ஒப்புமைப் பட்டியல் வேபரிடமும் ஜாக்கோலியோவிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் மட்டும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒரே பட்டியல் இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்குச் சாட்சி சொல்லுமானால், அந்தப் பட்டியலுக்குச் சாட்சி சொல்லும் தகுதியே இல்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

கிறித்தவக் கதைகள் தமக்கு முந்திய புறச்சமயப் புராணங்களிடமிருந்து கடன் வாங்கினவா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ மொத்தமாகப் பதில் சொல்ல முடியாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. கதைக்குக் கதை தனித்தனியாகக் கணக்குப் பார்க்கவேண்டும். கடன் கேட்டு வருகிறவன் புரோநோட்டைக் காட்டவேண்டும்: அதில் தேதி இருக்கவேண்டும், கைமாறிய விவரம் இருக்கவேண்டும், மறுக்க முடியாத கையெழுத்து இருக்கவேண்டும். தேதி என்பது எது முந்தியது என்ற காலக்கணக்கு. கைமாறியது என்பது கதை பயணப்பட்ட வழி. கையெழுத்து என்பது, எவருக்கும் தானாகத் தோன்றிவிடாத, கதைக்குத் தேவையும் இல்லாத, ஆனால் இரண்டு இடத்திலும் இருக்கிற ஒரு தனி அடையாளம்.

கேள்வியின் வயது

இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகுத்தறிவாளர்கள் என்று நினைப்பது பிழை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறித்தவர் தம் சமய விளக்க நூலில் தாமே அதை எழுப்புகிறார். கன்னியிடம் பிறந்தார், இறந்தார், உயிர்த்தார், வானேறினார் என்று நாங்கள் சொல்வதில் நீங்கள் யூப்பிட்டரின் மக்களைப் பற்றிச் சொல்லாத புதுமை எதுவும் இல்லையே, பிறகு எங்களை மட்டும் ஏன் வதைக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆக, ஒப்புமையை முதலில் பயன்படுத்தியது கிறித்தவத் தரப்புதான்; அதுவும் தற்காப்புக்காக. அவரே இன்னோர் இடத்தில், மித்ர வழிபாட்டில் அப்பமும் கிண்ணத்தில் நீரும் வைக்கும் சடங்கு தீய ஆவிகள் நற்கருணையைப் பார்த்துச் செய்த போலி என்கிறார். டிரைபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக அவர் எழுதிய நூலில், டானேயிடம் பொன்மழையாக வந்து பெர்சியுசைப் பிறப்பித்த கிரேக்கக் கதையைப் போல ஒன்றை நீங்களும் சொல்ல வெட்கப்படவேண்டாமா என்று யூதர் கேட்கிறார். ஒப்புமை கேடயம், ஒப்புமை பிசாசின் போலி, ஒப்புமை அவமானம்: மூன்று வாதங்களும் அன்றே பிறந்துவிட்டன.

தமிழிலும் இதன் எதிரொலி உண்டு. வட திருநெல்வேலியில் சிவகாசியை மையமாகக் கொண்டு தாமஸ் ராக்லாந்து ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்யும் திட்டத்தைத் தொடங்கிய 1854ஆம் ஆண்டிலேயே, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியானது. விவிலிய மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர் நாவலர். விவிலியத்தை வரி வரியாக அறிந்தவர். எருசலேம் ஆலயத்தில் தூபமும் தீபமும் படையலும் இருந்ததை எடுத்துக்காட்டி, அங்கே சரியானது சிவாலயத்தில் எப்படிப் பிழையாகும் என்று கேட்டார். ‘எங்களிடமிருந்து எடுத்தீர்கள்’ என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஜஸ்டினின் கேடயத்தை, அந்தப் பெயரைச் சொல்லாமலே, மறுபக்கம் நின்று பிடித்தார். பின்னாளில் வந்த பலரைவிட அவர் வாதம் கறாரானது.

கம்சனின் கணக்கு

கண்ணன் கதைக்கு முதலில் தேதி பார்ப்போம். பதஞ்சலியின் மகாபாஷ்யம் பொதுவாகக் கிறித்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படுகிறது. கம்ச வதம் நடித்தும் சொல்லியும் காட்டப்பட்டதை அது இலக்கண எடுத்துக்காட்டாகத் தருகிறது. அதே நூற்றாண்டின் இறுதியில், தட்சசீலத்து யவன அரசனின் தூதன் ஹெலியோடோரஸ் விதிசாவுக்கு அருகே பெஸ்நகரில் வாசுதேவனுக்குக் கருடத் தூண் நட்டான். அந்தக் கல்வெட்டு 1909இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வேபருக்கு இந்தத் தூண் தெரிய வாய்ப்பில்லை. பதஞ்சலி தெரிந்திருந்தும் அவர் தடுமாறினார். லோரின்சருக்குப் பம்பாயிலிருந்து காசிநாத் திரியம்பக் தெலங் 1875இலேயே மறுப்பு எழுதினார்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. ஆர்.ஜி. பண்டார்கர் 1913இல் எழுதிய வைணவ, சைவ சமய வரலாற்றில், வாசுதேவ வழிபாடு பழையதுதான் என்றாலும் கோகுலத்துச் சிறுவனின் கதை பிந்தியது, ஆபீரர் என்ற இடையர் கூட்டம் மேற்கிலிருந்து வரும்போது கிறிஸ்துவின் பெயரையும் குழந்தைக் கதையையும் கொண்டுவந்திருக்கலாம் என்று எழுதினார். கோவாவிலும் வங்கத்திலும் கிருஷ்ணன் என்ற பெயரை மக்கள் ‘கிறிஸ்டோ’ என்பதுபோல உச்சரிப்பதை ஒரு சான்றாகக் காட்டினார். மாபெரும் அறிஞர், இந்த இடத்தில் மட்டும் ஒலி ஒற்றுமை அவரை வழுக்கிவிட்டது.

பண்டார்கர் பார்க்காத சாட்சி தெற்கே இருந்தது. அகநானூற்றின் 59ஆம் பாட்டு, தொழுநை ஆற்றங்கரையில் ஆயர் மகளிருக்காகத் திருமால் மரத்தை மிதித்து வளைத்த கதையை ஒரு போகிறபோக்கு உவமையாகச் சொல்கிறது. கதையை விளக்கவில்லை, கேட்பவருக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் தொட்டுவிட்டுப் போகிறது. சங்கப் பாடல்களின் காலத்தைக் கிறித்துவுக்குப் பின் முதல் சில நூற்றாண்டுகளில் வைப்பவர்கள்கூட, யமுனைக் கரைக் கதை வைகைக் கரையில் உவமையாகும் அளவுக்குப் பழகிப்போக எவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்தாகவேண்டும். நப்பின்னை, ஏறு தழுவி மணம் முடித்தல், சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை ஆகியவற்றில் வளர்ந்த தெற்கத்திக் கண்ணனிடம் பெத்லகேமின் வாடை எதுவும் இல்லை.

எதிர்த்திசை வழக்கும் இதே கதிக்கு ஆளாகிறது. கிருஷ்ணன் கன்னியிடம் பிறந்தவன், சிலுவையில் அறையப்பட்டவன் என்று அமெரிக்கரான கெர்சி கிரேவ்ஸ் 1875இல் எழுதிய நூல் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தேவகிக்குக் கண்ணன் எட்டாவது பிள்ளை. அவன் முடிவு வேடனின் அம்பு காலில் பட்டு நேர்ந்தது. இதை மறுக்கத் திருவில்லிபுத்தூரில் அறிஞர் தேவையில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை போதும். எகிப்தின் ஹோரசையும் மித்ரனையும் பற்றி உலவும் பட்டியல்களும் இதே தரம்தான். சிதைந்த ஒசைரிசின் உடலைச் சேர்த்து அவனாலேயே ஐசிஸ் ஹோரசைக் கருவுற்றாள். மித்ரன் பாறையைப் பிளந்து பிறந்தான். பாறையைக் கன்னி என்று எழுதத் துணிந்தவர்களின் சாமர்த்தியத்தை வியக்கலாம், ஏற்கமுடியாது.

ஏரோதின் கணக்கு

சரி, மத்தேயு எழுதிய ஏரோதின் குழந்தைக் கொலை எங்கிருந்து வந்தது? முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் ஏரோதின் கொடுமைகளை ஒன்றுவிடாமல் எழுதியவர். சொந்த மகன்கள் மூவரைக் கொன்றதை விரிவாகச் சொல்கிறார். பெத்லகேம் குழந்தைகளைப் பற்றி அவரிடம் ஒரு சொல் இல்லை. இல்லாததை வைத்துமட்டும் நடக்கவில்லை என்று தீர்ப்பெழுத முடியாது. சிற்றூரில் நடந்தது அவர் காதுக்கு எட்டாமல் போயிருக்கலாம். ஆனால் அதே ஜோசபஸ் மோசேயின் கதையைச் சொல்லும்போது, எபிரேயரை மீட்கும் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்று ஓதுவான் ஒருவன் முன்னறிவித்ததால்தான் பார்வோன் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான் என்று எழுதுகிறார். இது விடுதலைப் பயண நூலில் இல்லாத செய்தி. அக்கால யூதர்களிடையே வழங்கிய கதை வடிவம். மத்தேயுவின் கதைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எதுவும் இல்லை.

கையெழுத்தும் கிடைக்கிறது. ஏரோது இறந்தபின் எகிப்தில் யோசேப்புக்குக் கனவில் சொல்லப்படும் செய்தியைக் கவனியுங்கள். செத்தவன் ஏரோது ஒருவன்தான். செய்தியோ குழந்தையின் உயிரைத் தேடியவர்கள் இறந்துவிட்டார்கள் என்று பன்மையில் வருகிறது. கதைக்கு இந்தப் பன்மை பொருந்தவில்லை. மீதியானியர் நாட்டிலிருந்த மோசேயிடம், உன் உயிரைத் தேடிய மனிதர்கள் எல்லாரும் இறந்துபோனார்கள் என்று சொல்லப்படும் விடுதலைப் பயண வாக்கியத்தை மத்தேயு அப்படியே பின்பற்றியதால் வந்த பன்மை அது. படியெடுப்பவன் வினைமுற்றைத் திருத்த மறந்துபோவதுபோல. மறந்தானோ, வாசகர் மோசேயை நினைக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டானோ. இரண்டாவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும் இங்கே கடன் உண்டு. அது புறச்சமயத்தாரிடம் வாங்கியது அல்ல, தாய்வீட்டுச் சீர்.

இதோடு கம்சனை ஒப்பிட்டால் வேறுபாடு முகத்தில் அறைகிறது. கம்சன் தாய்மாமன். மருமகன் பிறக்கும் முன்பே அவன் உயிருக்கு மாமன் நாள் குறிக்கிறான் என்பதில்தான் அந்தக் கதையின் பயங்கரம் இருக்கிறது. அதைத் தமிழருக்கு விளக்கவேண்டியதில்லை. சிறை, ஏழாவது கருவின் இடமாற்றம், யசோதையின் பெண் குழந்தையோடு மாற்றிக்கொள்ளல், அது கை நழுவி வானேறல் எதுவும் மத்தேயுவிடம் இல்லை. ஞானிகள், விண்மீன், எகிப்துப் பயணம் எதுவும் கண்ணன் கதையில் இல்லை. பொதுவாக இருப்பது ஒன்றே: பிறக்கப்போகும் குழந்தையைக் கண்டு அஞ்சும் அரசன். அது எங்கும் இருக்கிறது. பாரசீகச் சைரசின் பாட்டன் பேரனைக் கொல்லச் சொன்னதை ஹெரோடோட்டஸ் எழுதினார். அகஸ்டஸ் பிறக்குமுன் தீக்குறி கண்ட ரோம் செனட் அவ்வாண்டு பிறக்கும் ஆண் குழந்தைகளை வளர்க்கக்கூடாது என்று முடிவு செய்ததாகச் சுவேட்டோனியஸ் ஒரு செய்தியைப் பதிந்தார். 1909இல் ஓட்டோ ராங்க் என்ற உளவியலாளர் மோசே, கர்ணன், ஈடிபஸ், சைரஸ், ரோமுலஸ், இயேசு எல்லோரையும் ஒரே சரட்டில் கோத்தார். அரியணைக்கு அச்சம் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கதை முளைக்கும். துளசிச் செடியடியில் கிடைத்த கோதையும் உழுசாலில் கிடைத்த சீதையும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்களா என்று எவரும் வழக்குப் போடுவதில்லை.

ஐயமற்ற கடன் ஒன்று

கடன் உண்மையில் நடந்தால் அதன் தடயம் எப்படி இருக்கும் என்பதற்குக் கிறித்தவ உலகிலேயே அப்பட்டமான சான்று உண்டு. நவம்பர் 27 அன்று ரோமன் கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் நெடுங்காலம் நினைவுகூரப்பட்டவர்கள் பர்லாம், யோசபாத்து என்ற இருவர். யோசபாத்து இந்திய இளவரசன். கிறித்தவனாவான் என்ற ஆரூடத்துக்கு அஞ்சித் தந்தை அவனை அரண்மனையில் அடைத்து வளர்க்கிறான். ஒருநாள் வெளியே போகும்போது நோயாளியையும் முதியவனையும் பார்க்கிறான். பர்லாம் என்ற துறவியிடம் கிறித்தவம் கற்று அரசைத் துறக்கிறான். யார் கதை என்று சொல்லத் தேவையில்லை. பெயரே வழி காட்டுகிறது. போதிசத்துவன் அரபியில் ‘பூதாசஃப்’ ஆனான். அரபி எழுத்தில் பகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி, யகரத்துக்கு இரண்டு. எழுதுகிறவர் கை ஒரு புள்ளி கூடுதலாக வைக்க ‘யூதாசஃப்’ ஆனான். ஜார்ஜிய மொழியில் ‘இயோதாசப்’, கிரேக்கத்தில் ‘இயோவாசப்’, லத்தீனில் ‘யோசபாத்து’. ஜார்ஜியத்திலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றியவர் ஆதோஸ் மலைத் துறவி யூதிமியுஸ். காலம் பதினோராம் நூற்றாண்டையொட்டி. தேதி, கைமாறிய வழி, கையெழுத்து மூன்றும் இருக்கின்றன.

இன்னொரு தடயமும் உண்டு. அது நம் வீட்டுக்கு நெருக்கமானது. பர்லாம் இளவரசனுக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று: விலங்கு துரத்த ஓடியவன் ஆழ்குழிக்குள் தொங்குகிறான், கீழே வாய் பிளந்த நாகம், அவன் பிடித்திருப்பதை எலிகள் அரிக்கின்றன, அவனோ மேலிருந்து சொட்டும் தேன்துளியை நக்குகிறான். மகாபாரதத்திலும் சமண நூல்களிலும் உள்ள இந்த உவமை தோலாமொழித்தேவரின் சூளாமணியிலும் இருக்கிறது. அங்கே துரத்துவது யானை. கிரேக்கத்துக்கு மாற்றிய துறவியின் கையில் அது ஒற்றைக் கொம்பு விலங்காகிவிட்டது. மற்றவை எல்லாம் அப்படியே. கொலைகார அரசன் எங்கும் தோன்றலாம். சாவின் வாயில் தொங்கிக்கொண்டு தேன் நக்குகிறவன் அப்படி ஊருக்கு ஊர் தானாக முளைக்கமாட்டான்.

உடுப்பும் உடலும்

கதையின் உடல் ஒரு வீட்டிலிருந்தும் உடுப்பு வேறொரு வீட்டிலிருந்தும் வருவது உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணி இதற்குக் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு. 1726இல் இயற்றப்பட்ட, 3615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில் கதை யோசேப்புடையது. ஆக்ரெதா மரியாள் என்ற ஸ்பானியக் கன்னியரின் நூலைத் தழுவியது. யோசேப்பு வளனாகப் பெயர் மாற, கதை நாட்டுப்படலம், நகரப்படலம் என்று கம்பனும் திருத்தக்கதேவரும் போட்ட பாதையில் நடக்கிறது. யூதேயா நெல்வயல் நாடாகிவிடுகிறது. இதைக் கண்டு யோசேப்பின் கதை சீவகன் கதையிலிருந்து வந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். வாங்கியது காப்பிய உடுப்பு.

நற்செய்தி நூல்களிலும் இதே வேலை நடந்திருக்கிறது. சின்ன ஆசியாவின் பிரியேனே நகரில் கிறித்துவுக்கு முந்திய 9ஆம் ஆண்டையொட்டிய கல்வெட்டு, அகஸ்டஸ் பிறந்த நாளை உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்றும் அவரை மீட்பர் என்றும் புகழ்கிறது. லூக்கா இடையர்களுக்கு வானதூதர் சொல்வதாக எழுதும்போது இதே சொற்களைத்தான் மாட்டுத்தொழுவத்துக் குழந்தைக்குச் சூட்டுகிறார். அறியாமல் நேர்ந்ததல்ல, ரோமாபுரிக்கு எதிரே வேண்டுமென்றே நிறுத்திய போட்டி மொழி. உடல் யூத வேதத்திலிருந்து, உடுப்பு ரோமப் பேரரசிடமிருந்து.

திருவிழாக்களில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 அன்று மாதாவின் விண்ணேற்பு விழாவுக்குத் தேர் ஓடுகிறது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு ஆடிப்பூரத் தேர். இரண்டும் சில நாள், சில வார இடைவெளியில். ஆடிப்பூரத்தைப் பார்த்து வைத்த விழா என்று அவசரக்காரர் சொல்லிவிடக்கூடும். ஆகஸ்ட் 15 என்ற நாளோ ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியப் பேரரசர் மௌரிசியு நிலைநிறுத்தியது. தேதி அங்கிருந்து வந்தது. தேரும் வடமும் கொடியேற்றமும் சப்பரமும் இந்த மண்ணுடையவை. டிசம்பர் 25 பற்றியும் இப்படித்தான் பேசவேண்டும். 274இல் அவுரேலியன் வெல்லமுடியாத ஞாயிறுக்குக் கோயில் எடுத்தான். 354ஆம் ஆண்டின் ரோம நாட்குறிப்புத் தொகுப்பில் ஞாயிறின் பிறந்தநாளும் கிறித்துவின் பிறந்தநாளும் அதே நாளில் வருகின்றன. மார்ச் 25இல் கருத்தரிப்பு என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணியதால் வந்த நாள் என்று இன்னொரு தரப்பு வாதிடுகிறது. இரண்டில் எது முந்தியது என்பது இன்றும் இழுபறிதான். நாள் கடனென்றே முடிவானாலும், பிறப்புக் கதை அதனால் கடனாகிவிடாது.

இரண்டு மறுப்புகள்

வாய்வழிப் பரவல் தடயம் விடாது, எழுத்துச் சான்று கேட்பது நியாயமா என்று ஒரு மறுப்பு உண்டு. முசிறிக்கும் எகிப்தின் செங்கடல் துறைகளுக்கும் இடையே மிளகுக் கப்பல்கள் ஓடின. ரோமக் காசுகள் தமிழ்நாட்டு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்தன. மாலுமிகள் கதை பேசாமலா இருந்திருப்பார்கள்? பேசியிருப்பார்கள். ஆனால் பாதை இருந்தது என்பது சரக்கு போனது என்பதற்கான ரசீது ஆகாது. அந்தப் பாதை இருதிசையிலும் திறந்திருந்தது என்பதால் வேபருக்கும் ஜாக்கோலியோவுக்கும் ஒரே அளவு உதவும். யோசபாத்தின் கதையும் பல மொழி, பல வாய் கடந்து வந்ததுதான். இருந்தும் அது பெயரிலும் தேன்துளியிலும் தடயம் விட்டது.

விசுவாசிகள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி: இவை நடந்த நிகழ்ச்சிகள், கதையே இல்லை, பிறகு கடன் எங்கே? நடந்ததா என்பதும் எப்படிச் சொல்லப்பட்டது என்பதும் தனித்தனிக் கேள்விகள். நடந்த ஒன்றையும் மோசேயின் சொற்களில் சொல்லலாம். மத்தேயுவின் பன்மை அவர் சொன்ன விதத்துக்குத்தான் சாட்சி, நடந்ததற்கோ நடக்காததற்கோ அல்ல. கடன் நிரூபணமானால் சமயம் பொய்யாகும் என்று எண்ணுகிற எதிர்த்தரப்பும் இதே குழப்பத்தில்தான் நிற்கிறது.

தீராத வழக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். ஏழாம் நூற்றாண்டு அளவில் லத்தீனில் எழுந்த, மத்தேயு பெயரால் வழங்கும் புறநூல் ஒன்றில், எகிப்துப் பயணத்தின் வழியில் பசித்த மரியாளுக்காகக் குழந்தை இயேசு சொல்ல, பேரீச்சை மரம் குனிந்து கனி தருகிறது. குர்ஆனிலும் பிரசவ வேதனையில் மர்யம் பேரீச்சையடியில்தான் இருக்கிறார். டெலோஸ் தீவில் லேட்டோ பேரீச்சையைப் பற்றிக்கொண்டு அப்பொல்லோவைப் பெற்றாள் என்பது கிரேக்கப் பழங்கதை. லும்பினியில் மாயாதேவி சால மரக் கிளையைப் பிடித்தபடி சித்தார்த்தரைப் பெற்றாள். இங்கே தேதிகள் ஒத்துவருகின்றன, வழிகளும் திறந்திருக்கின்றன. லேட்டோவின் மரமும் மரியாளின் மரமும் ஒரே வகை என்பதால் அந்தப் பக்கம் சாய எனக்கு மனம் வருகிறது. ஆனால் லேட்டோவின் பேரீச்சை குனியவில்லை. குனிந்த மரம் அகநானூற்றில் இருக்கிறது. அங்கே ஆயர் மகளிர், கனி இல்லை, பிரசவமும் இல்லை.